மகிழுந்துக் கதவுக்குள் ஒரு கவலை

(செஞ்சி வட்டம் வல்லத்தில், தமிழன்பர்களும் ஊர்திப் பழுதாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பட்டறைக் கரி முழுதும் நீங்காத கையோடு வந்தமர்ந்திருக்கும் தம்பியரே!

திருவண்ணாமலையினின்று செஞ்சி வழியாகத் திண்டிவனம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், முழுநிலா நாளன்று ஓடும் மகிழுந்துகளை எண்ணி முடியாது. மலைவலம் வருவார் ஒருபால். காருவா நாளில் மேல்மலையனூர் செல்வார் ஒருபால். 2025 சூலைத் திங்களில் மராட்டியர் படையரண்களின் வரிசையில் ஒன்றாகச் செஞ்சிக்கோட்டை உலக மரபிடப் பட்டியலில் ஏறியதைக் கேட்டுக் கோட்டை காண வருவார் ஒருபால். அவ்வூர்திகளுள் ஒன்று, மழை தூறத் தொடங்கிய மாலையொன்றில், வல்லத்துப் பட்டறையின் முன் வந்து நிற்பதாகக் கொள்க. பின்கதவின் கண்ணாடி பாதி இறங்கிய நிலையில் நின்றுபோயிற்று. உள்ளே ஒரு மூதாட்டியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருக்கின்றனர். சாரல் அவர்கள் மடியில் விழுகிறது.

"அண்ணே, கண்ணாடி ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது" என்கிறார் ஊர்திக்குரியவர். பழுதாளர் கதவிலுள்ள சொடுக்கியை இருமுறை அழுத்திப் பார்க்கிறார். கதவின் வயிற்றுக்குள் கடகடவென ஓர் ஒலி. உடனே விடை வருகிறது: "பவர் விண்டோ ரெகுலேட்டர் போயிடுச்சு சார், புல் அசெம்பிளி மாத்தணும்."

இவ்விடையில் 'போயிடுச்சு', 'மாத்தணும்' என்னும் இரண்டே தமிழ். எது போயிற்று, எதை மாற்றவேண்டும் என்னும் இடமெல்லாம் அயன்மொழி. கேட்டவர் 'ரெகுலேட்டர்' என்றதும் வீட்டு மின்விசிறியின் திருகுகுமிழை நினைக்கிறார். மூதாட்டி அடுப்பு வளியுருளையின் தலைப்பகுதியை நினைக்கிறாள். இருவர்க்கும் கதவுக்குள் அப்படி என்ன இருக்கக்கூடும் என்பது விளங்கவில்லை. பழுதாளர்க்கு மட்டும் விளங்கிற்றோ எனின், அவர் கை அறியும். கையறிவைச் சொல்லும் வாய்க்குச் சொல் இல்லை. அச்சொல்லைத் தமிழ்ப்படுத்தினால் 'ஒழுங்காக்கி' என்று வரும். அது கண்ணாடியின் எதனை ஒழுங்காக்குகிறது என்று வினவினால் ஆங்கிலரே சற்று எண்ணித்தான் விடை கூறவேண்டும். அப்பொறி செய்வது கண்ணாடியை ஏற்றுதலும் இறக்குதலும். ஆகலின் 'ஏற்றிறக்கி' என்றால் போதும். கேட்ட அளவில் வேலை விளங்கும்.

'இந்தச் சிறு உறுப்புக்குப் பெயர் தேடவா ஓர் அவை?' என்று நகைப்பாரும் உளர். 'பேருந்து' என்ற சொல்லைக் கேட்டும் ஒருகாலத்தில் நகைத்தார்கள். இன்று அச்சொல்லின்றி ஒரு நாளும் கழியாது. ஆயினும் இன்று பேசப்படுவது சொல்லழகு பற்றியதன்று. இரண்டு இழப்புகள் பற்றியது. ஒன்று உரியவரின் கைப்பொருள். மற்றொன்று அப்பின்னிருக்கைப் பிள்ளைகளின் கழுத்து. இரண்டாவது கடைசியில் வரும்.

முதலில் கண்ணாடி பொருந்திய அத்திறப்புக்குரிய பெயர். 'சன்னல்' என்பது போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல். சாவியும் மேசையும் அலமாரியும் அவர் கப்பலில் வந்திறங்கியவையே. அவர் வருமுன் தமிழர் வீட்டில் திறப்பு இல்லாமற் போகவில்லை. பல கண்களை உடையது பலகணி. காற்று வரும் வழி காலதர். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்திலேயே காலதர் உண்டு. வியப்பு என்னவெனின், ஆங்கிலத்து 'விண்டோ' என்னும் சொல்லும் வடபுலத்துப் பழைய நார்சு மொழியில் 'காற்றின் கண்' என்னும் பொருளுடைய கூட்டுச்சொல்லின் திரிபே. அவர்கள் காற்றின் கண் என்றனர். தமிழர் காற்றின் வழி என்றனர். வீட்டுக்குப் பலகணி பொருந்தும். ஒரே கண்ணாடி ஏறியிறங்கும் மகிழுந்துக் கதவுக்குக் காலதரே பொருத்தம்.

அக்காலதர்க் கண்ணாடியை நெடுங்காலம் மக்கள் கையால் சுழற்றி ஏற்றினர். அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940-இல் நீர்ம அழுத்தத்தால் கண்ணாடியை இயக்கும் ஊர்திகளை விற்றது. 1951-இல் வந்த கிரைசுலர் இம்பீரியல் ஊர்தியில் முற்றும் மின்னால் இயங்கும் ஏற்றிறக்கி பொருத்தப்பட்டது. இங்கோ, 2014 வரை வெளிவந்த அம்பாசடரையும், பம்பாயிலிருந்து வந்த பிரீமியர் பத்மினியையும், சென்னைக்கருகே செய்யப்பட்ட சுடாண்டர்டு எரால்டையும் ஓட்டியவர்களுக்குக் கைச்சுழற்றியே தெரியும். 1990-களின் பின்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையிலும் மறைமலைநகரிலும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்த பிறகே மின்னேற்றிறக்கி எளிய குடும்பத்தின் ஊர்திக்குள்ளும் இடம்பிடித்தது.

இனிக் கதவைத் திறந்து பார்க்கலாம். அதற்குள் இருப்பது அயலார் பொறியாயினும், இந்நிலத்து உழவர்க்கு அதன் அமைப்பு புதிதன்று. இங்கே அறுபது எழுபது அகவையைத் தாண்டியோர் சிலர் அமர்ந்திருக்கின்றனர். மின்னிறைப்பி வருமுன் செஞ்சிப் புலங்களில் கிணறுதோறும் இயங்கிய கவலையை அவர்கள் ஓட்டியிருப்பர். தென்புலத்தார் அதனைக் கமலை என்பர். கிணற்று வாயில் இரண்டு தூண்கள். மேலே ஒரு பெரிய உருளை. கீழே விளிம்பில் ஒரு சிற்றுருளை. மேலுருளை மீது வடம். கீழுருளை மீது வால்கயிறு. வடத்தின் முனையில் சால். சாலின் அடியில் தோலால் ஆகிய தும்பி. எருதுகள் சரிவில் இறங்கினால் சால் ஏறும். பின்னடைந்து ஏறினால் சால் இறங்கும்.

கதவுக்குள் இருப்பதும் இஃதே. எருதுக்கு ஈடாக ஒரு சிறு மின்னோடி. அதனைத்தான் பட்டறையில் 'மோட்டார்' என்பர். நிலைக்குத்தாக ஓர் எஃகுச் சட்டம். அதன் மேல்முனையில் ஒரு கப்பி, கீழ்முனையில் ஒரு கப்பி. நடுவில் வடம் சுற்றும் உருளை. நூற்கயிறு போன்ற மெல்லிய எஃகுவடம் இரண்டு. ஒன்று மேற்கப்பி வழியாகவும் மற்றொன்று கீழ்க்கப்பி வழியாகவும் ஓடும். இரண்டின் முனையும் வந்து பற்றுவது, சட்டத்தின்மீது மேலும் கீழும் நகரும் ஒரு நெகிழித் துண்டினை. அத்துண்டின்மேல்தான் கண்ணாடியின் அடி அமர்ந்திருக்கிறது. அதனை நகர்தாங்கி எனலாம். அதுவே இப்பொறியின் சால். மின்னோடி ஒருபக்கம் சுழன்றால் மேல்வடம் உருளையில் சுற்றும், கீழ்வடம் அவிழும், கண்ணாடி ஏறும். மின்னோட்டத்தின் முனைகளை மாற்றினால் மின்னோடி எதிர்ப்பக்கம் சுழலும், கண்ணாடி இறங்கும். சொடுக்கி செய்வது அம்முனை மாற்றம் ஒன்றே.

வியக்கத்தக்க நுட்பம் ஒன்று இதில் உண்டு. மின்னோடியின் அச்சில் திருகுபோல் பல் வெட்டியிருக்கும். அத்திருகு ஒரு பல்லாழியைச் சுழற்றும். பல்லாழி மட்டும் திருகைச் சுழற்றமாட்டாது. ஆகவேதான் விரைந்து சுழலும் சிறு மின்னோடி கனத்த கண்ணாடியை மெல்ல ஏற்ற வல்லதாகிறது. ஆகவேதான் வெளியிலிருந்து எவரும் உள்ளங்கையால் அழுத்திக் கண்ணாடியை எளிதில் இறக்கமுடிவதுமில்லை. கவலையில் எருது களைத்து நின்றால் சால் கிணற்றுக்குள் விழும். இங்கே மின் நின்றாலும் கண்ணாடி நின்ற இடத்தில் நிற்கும். பழைய ஊர்திகளில் வேறொரு வகை உண்டு. கத்தரிக்கோல் போல் இரண்டு இரும்புக் கைகள் குறுக்கிட்டு விரியும். வில்போல் வளைந்த ஒரு பற்சட்டம் அவற்றை இயக்கும். கண்ணாடியின் எடையைத் தாங்க ஒரு சுருள்வில் முறுக்கேறி நிற்கும். இவ்வகையை அவிழ்க்கும்போது அச்சுருள்வில்லை முதலிற் கட்டுப்படுத்தவேண்டும். மின்னோடியைக் கழற்றிய நொடியில் முறுக்கவிழ்ந்து கைகள் பாயும். இடையிலே விரல் இருந்தால் விரல் போகும்.

பெரும்பாலும் முறிவது எது? வடமும் அன்று, மின்னோடியும் அன்று. அந்த நெகிழித் தாங்கியே. வெயிலில் நின்று நின்று நெகிழி வறண்டு நொறுங்கும். கண்ணாடி ஓடும் விளிம்புப் பள்ளத்தில் சாலைப் புழுதியும், இப்பக்கத்துக் கற்சுரங்கத் துகளும் படிந்து, கண்ணாடி உராய்ந்து ஏறும். உராய்வு மிகுந்தால் வடம் இறுகும். இறுகிய வடம் தாங்கியைப் பிளக்கும். தாங்கி பிளந்ததும் வடம் தளர்ந்து கப்பியை விட்டு நழுவி, உருளையில் குருவிக்கூடு போல் சிக்கும். அந்தக் 'கடகட' ஒலி சிக்குண்ட வடத்தின் ஒலி. கண்ணாடி மெல்ல ஏறத் தொடங்கிய அன்றே ஈரத்துணியால் விளிம்புப் பள்ளத்தைத் துடைத்திருந்தால் இவ்வளவு வந்திராது. ஆனால் மெல்ல ஏறும் கண்ணாடியை எவரும் நோயென்று கருதுவதில்லை.

ஆகலின் சொடுக்கியை அழுத்தியதும் காதால் கேட்பதே முதல் ஆய்வு. ஒலி கேட்டுக் கண்ணாடி அசையாவிடில் மின்னோடி உயிரோடிருக்கிறது. வடமோ தாங்கியோ போயிற்று. ஒலியே இல்லையெனின் அடுத்து விளக்கைப் பார்க்கவேண்டும். சொடுக்கியை அழுத்தும்போது உள்விளக்கு மங்கினால் மின்னோட்டம் மின்னோடி வரை செல்கிறது, ஏதோ இறுகிப்பிடித்திருக்கிறது என்று பொருள். விளக்கு மங்கவும் இல்லையெனின் மின்வழியில் முறிவு: உருகி எரிந்திருக்கலாம், சொடுக்கியின் தொடுமுனை கரிந்திருக்கலாம், கதவு திறந்து மூடும் இடத்தில் இரப்பர்க் குழலுக்குள் செல்லும் மின்கம்பி மடங்கி மடங்கி அறுந்திருக்கலாம். இக்கடைசி முறிவைக் காணாமல் புதிய மின்னோடியை மாட்டி, அதுவும் ஓடாமல், 'புதுசே பழுது' என்று கடைக்காரரோடு வழக்காடிய பட்டறைகள் பல. இன்னொன்று: விடாது பலமுறை ஏற்றியிறக்கினால் சூடேறிய மின்னோடி தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், சிறிது ஆறியபின் ஓடும். பிள்ளைகள் விளையாடி நிறுத்திய கண்ணாடிக்கு மருத்துவம் வேண்டா, பொறுமை வேண்டும்.

எல்லாவற்றிற்கும் முன்னே பார்க்கவேண்டியது ஓட்டுநர் கதவிலுள்ள பூட்டுச் சொடுக்கி. அதனை அழுத்தியிருந்தால் மற்றைக் கதவுகளின் சொடுக்கிகள் வேலை செய்யா. பழுதென்று வந்த ஊர்தியில் இதனை விடுவித்துவிட்டுச் சிரித்த பழுதாளர் உண்டு. சிரிக்காமல் கூலி வாங்கியவரும் உண்டு.

இங்கே கைப்பொருள் பற்றிய செய்தி. நகர்தாங்கி உடைந்தது என்று தெரிந்த உரியவர், 'மின்னோடி நன்றாயிருக்கிறதா? அதனை வைத்துக்கொண்டு சட்டமும் வடமும் மட்டும் மாற்றமுடியுமா?' என்று கேட்கலாம். பலவகை ஊர்திகளில் மின்னோடி சில திருகாணிகளால் தனியே பொருந்தியிருக்கும். பிரித்தெடுத்துப் பழைய மின்னோடியைப் புதிய சட்டத்தில் மாட்டமுடியும். சிலவற்றில் முடியாது, அப்பொழுது முழுதும் மாற்றுவதே நேர்மை. 'புல் அசெம்பிளி' என்னும் மந்திரம்போன்ற சொல்லுக்கு முன்னால் இவ்வினாவே எழுவதில்லை.

மாற்றும் முறை வருமாறு. முதலிற் கண்ணாடியை, அசையுமாயின், மேலே ஏற்றி அகன்ற ஒட்டுநாடாவால் கதவின் மேற்சட்டத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். பாதியில் நின்ற கண்ணாடியை உள்ளே தாங்கி இல்லாத நிலையில் விட்டால் கதவுக்குள் விழுந்து தூளாகும். பக்கக் கண்ணாடி வெப்பத்தால் பதமிடப்பட்டது. விரிசல் விட்டு நிற்பது அதற்கு இயல்பன்று, உடைந்தால் முழுதும் பொடிக்கற்களாகச் சிதறும். அடுத்து மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை நீக்கிச் சற்று நேரம் பொறுத்தல் வேண்டும். சில ஊர்திகளின் கதவில் மோதல் உணரும் கருவியும், இருக்கையில் காப்புப்பையும் உண்டு. 'ஏர்பேக்' எனப்படும் அப்பை தவறி வெடித்தால் முகம் சிதையும்.

பிறகு உட்பலகை. பட்டறையார் 'டோர் பேடு' என்பது இதுவே. கைப்பிடிக் குழிக்குள்ளும், கை வைக்கும் திண்டின் அடியிலும் மறைந்துள்ள திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றவேண்டும். ஓரத்திலுள்ள நெகிழிக் கவ்விகளை இரும்புத் திருப்புளி கொண்டு நெம்பினால் உடையும். மரச்சீவலோ நெகிழி நெம்பியோ நன்று. பலகையைப் பிடுங்கி எறிந்துவிடலாகாது. அதன் பின்புறத்தில் கைப்பிடியின் இழுகம்பியும் சொடுக்கியின் மின்னிணைப்பும் தொங்கும்.

பலகையை நீக்கினால் கதவின் இரும்பில் ஒட்டியுள்ள மெல்லிய நெகிழித்தாள் தோன்றும். பட்டறைகளில் மிகுதியும் இழிவுபடுத்தப்படும் உறுப்பு இதுதான். 'என்ன இந்தக் காகிதம்' என்று கிழித்து எறிவர். கண்ணாடியின் வெளிப்புறமாக வழியும் மழைநீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறுவதே இயல்பு. அந்நீர் உள்ளறைக்கு வாராமல் காக்கும் அரண் இத்தாள். 2024 நவம்பர் 30 அன்று (தி.பி. 2055) பெஞ்சல் புயல் புதுவையருகே கரை கடந்தபோது, அண்டையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியதை இங்கிருப்போர் எவரும் மறந்திரார். அத்தகைய மழையில் இத்தாள் இல்லாத கதவு சல்லடை. உட்பலகை நனையும், சொடுக்கி கரியும், தரைவிரிப்பு நாறும். உரியவர் கூரையில் ஓட்டை தேடுவார். ஆகவே தாளை ஓரத்திலிருந்து மெல்ல உரித்து, பசை வறண்டிருந்தால் புதுப்பசையிட்டு மீள ஒட்டவேண்டும். கதவடித் துளைகளில் சேறு அடைத்திருந்தால் அப்பொழுதே குத்தித் திறந்துவிடலாம். அதற்கு ஒரு துண்டுக் கம்பியே போதும்.

இரும்பிலுள்ள திறப்பின் வழியே, கண்ணாடியைத் தாங்கியோடு பிணைக்கும் மரைகள் தெரியும். அவற்றைத் தளர்த்திக் கண்ணாடியை விடுவித்து மேலே கட்டியபின், மின்னோடியின் இணைப்பைப் பிடுங்கி, சட்டத்தின் மரைகளைக் கழற்றினால், பொறி முழுதும் கதவின் வயிற்றிலிருந்து சாய்ந்து வெளிவரும். சிலவகைகளில் மரைக்கு மாறாகத் தறையாணி அடித்திருப்பர். துளைத்தெடுத்துப் புதிய தறையாணியிடவேண்டும். புதிய பொறியை வாங்கும்போது இடக்கதவினதா வலக்கதவினதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்க. அதனைச் சட்டத்தில் பொருத்துமுன் கையில் வைத்தபடி மின்னூட்டி ஓட்டிப் பார்க்கும் ஆவல் பலர்க்கு உண்டு. இழுவிசை இன்றி ஓடினால் புதிய வடமும் நழுவும்.

பொருத்தும்போது மரைகளை முதலில் முழுதும் இறுக்கலாகாது. பாதி இறுக்கிக் கண்ணாடியை மேலே முட்ட ஏற்றினால், அது தன் பள்ளத்தில் தானே நேராக அமரும். அதன்பின் இறுக்கினால் சாயாது. கண்ணாடியைப் பிடிக்கும் மரையை அளவுக்கு மேல் முறுக்கினால் கண்ணாடியே தூளாகும். எஃகுச் சட்டத்துக்கு மசகு இடலாம். விளிம்பிலுள்ள இரப்பருக்கு மசகோ வண்டி எண்ணெயோ ஆகாது. இரப்பர் ஊதிப் புழுதியை ஒட்டிக்கொள்ளும். அதற்கெனச் சிலிக்கான் தெளிப்பு விற்கிறது.

இவ்வளவையும் வல்லத்துப் பழுதாளர் ஒருவர் எந்நூலும் படியாமல், தம் ஆசான் செய்வதைப் பார்த்துப் பார்த்தே செம்மையாகச் செய்துவிடுவார். அவர் கைத்திறன் எவர்க்கும் குறைந்ததன்று. ஆனால் பார்த்துப் பயிலமுடியாத ஒரு படி இதில் உண்டு. அது இரும்பிலும் இல்லை, வடத்திலும் இல்லை. கையேட்டின் ஒரு மூலையில் சிற்றெழுத்து ஆங்கிலத்தில் கிடக்கிறது.

ஒருமுறை தொட்டால் தானே முழுதும் ஏறும் கண்ணாடிகள் உண்டு. அத்தகைய கண்ணாடி ஏறும்போது இடையில் ஒரு கையோ கழுத்தோ அகப்பட்டால், பொறி அத்தடையை உணர்ந்து உடனே கீழிறங்கவேண்டும். தானே மூடும் கண்ணாடிகளுக்கு அமெரிக்க நாட்டு நெறிமுறை, தடைப்பொருளின்மீது 100 நியூட்டன் விசை, அஃதாவது ஏறத்தாழப் பத்துக் கிலோ எடையின் அழுத்தம், ஏறுமுன் கண்ணாடி திரும்பவேண்டும் என்கிறது. இத்தடையுணர்வு பொறியோடு பிறந்ததன்று, கற்பிக்கப்படுவது. கண்ணாடியின் உச்சி எது, அடி எது, வழியில் இயல்பான உராய்வு எவ்வளவு என்பதை அச்சிறு மின்னணுக் கருவி நினைவில் வைத்திருக்கிறது. மின்கலத்தின் இணைப்பை நீக்கினாலோ ஏற்றிறக்கியை மாற்றினாலோ பல ஊர்திகளில் அந்நினைவு அழியும், அன்றிப் பிழைபடும். மீளக் கற்பிக்கவேண்டும். பெரும்பாலான ஊர்திகளில் கண்ணாடியை முழுதும் இறக்கி, பின் முழுதும் ஏற்றி, உச்சியில் முட்டியபின்னும் சொடுக்கியை விடாமல் சில நொடி பிடித்திருத்தல் வேண்டும். முறையும் நொடியும் ஊர்திக்கு ஊர்தி வேறுபடும். அதனைக் கையேடு சொல்லும். கையேடு ஆங்கிலத்தில் சொல்லும்.

கற்பிக்காமல் விட்டால் என்னாகும்? சிலவற்றில் தானே ஏறும் தன்மை மட்டும் நின்றுவிடும். அது தொல்லை, தீங்கன்று. தடையுணர்வு இல்லாமலே ஏறும் நிலை நேர்ந்தால் அது தீங்கு. பல எளிய ஊர்திகளின் பின்கதவுகளில் தடையுணர்வு அறவே கிடையாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பிள்ளைகள் அமர்வதோ பின்கதவருகில். தலையை வெளியே நீட்டி வேடிக்கை பார்க்கும் பிள்ளையின் முழங்கால் தவறிச் சொடுக்கியை அழுத்தி, அதன் கழுத்தையே கண்ணாடி நெரித்த நிகழ்வுகள் உலகில் பல. அதனால்தான் அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், கண்ணாடியை ஏற்றும் சொடுக்கி மேல்நோக்கியோ வெளிநோக்கியோ இழுத்தால் மட்டுமே இயங்கவேண்டும் என்று வகுத்தது. முழங்கால் அழுத்தும்; இழுக்காது. இன்றைய ஊர்திகளில் சொடுக்கியின் நுனியை மேலே தூக்கிக் கண்ணாடியை ஏற்றும் வழக்கத்தின் பின்னே இறந்துபட்ட குழந்தைகள் இருக்கிறார்கள். பழைய சொடுக்கி கெட்டதென்று கிடைத்த சொடுக்கியொன்றை வாங்கி மாட்டும்போது, அழுத்தி ஏற்றும் வகையை மாட்டிவிடலாகாது.

தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊர் மறைமலைநகர். அமெரிக்கப் போர்டு நிறுவனத்தின் மகிழுந்துகள் அங்கே ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உருவாயின. 2022-இல் மகிழுந்து ஆக்கம் நின்றது. அவ்வூரிற் பிறந்த ஊர்திகள் இன்றும் செஞ்சிச் சாலையில் ஓடுகின்றன. வடம் முறுக்கிய கையும் தமிழ்க் கை, கதவு மாட்டிய கையும் தமிழ்க் கை, இன்று பழுது நீக்கும் கையும் தமிழ்க் கை. அக்கண்ணாடிக்குத் தடையுணர்வைக் கற்பிக்கும் பக்கம் மட்டும் அக்கைகளுக்கு விளங்கும் மொழியில் இல்லையாயின், குறை எவருடையது? நிறுவனங்களை மட்டும் சுட்டிப் பயனில்லை. இவ்வூரில் தமிழ் படித்தோர் எத்தனையோ பேர். ஒரு மாலை, ஒரு கையேடு, ஒரு பழுதாளர், ஓர் ஆசிரியர். இரண்டு மணிநேரத்தில் அப்பக்கத்தைத் தமிழாக்கி அட்டையில் எழுதிப் பட்டறைச் சுவரில் தொங்கவிடலாம். பட்டறையார் தாமே ஆக்கிய சொற்கள் உண்டு. அவற்றைக் கேட்டு எழுதவேண்டும். திருப்புளி எந்தப் புலவரும் குழு கூடி ஆக்கிய சொல்லன்று. கப்பியும் வடமும் கிணற்றடியில் கிடந்தவை. இல்லாத இடத்துக்கு மட்டும் புதிது படைத்தால் போதும்.

மழை மாலையில் வந்து நின்ற அவ்வூர்திக்குத் திரும்புவோம். பொறி மாற்றியாயிற்று, தாள் ஒட்டியாயிற்று, பலகை மாட்டியாயிற்று. பழுதாளர் சுவரட்டையைப் பார்த்துக் கண்ணாடியை அடிவரை இறக்குகிறார். உச்சிவரை ஏற்றிச் சொடுக்கியைப் பிடித்து எண்ணுகிறார். பிறகு நேற்றைய செய்தித்தாளை இறுகச் சுருட்டிக் காலதரின் குறுக்கே நீட்டுகிறார். கையை வைத்துப் பார்ப்பது அறியாமை. கண்ணாடி ஏறித் தாளைத் தொட்டதும் நின்று, கீழிறங்குகிறது. இறங்காதிருந்தால் ஊர்தியை விட்டிருக்கமாட்டார். ஓட்டுநர் கதவின் பூட்டுச் சொடுக்கியை உரியவர்க்குக் காட்டி, பிள்ளைகள் பின்னால் இருக்கும்போது இதனை அழுத்தியே வையுங்கள் என்கிறார்.

மூதாட்டி பையிலிருந்து பணத்தை எடுத்தபடி கேட்கிறாள்: "என்னாப்பா கெட்டுப்போச்சு உள்ளார?"

"கண்ணாடியத் தாங்குற துண்டு ஒடஞ்சிபோச்சு ஆயா. வடம் கப்பிய விட்டுக் கழண்டு உருளையில சிக்கிக்கிச்சு."

"கவலையில சால் அறுந்த மாரி சொல்லு" என்கிறாள் அவள். எண்ணிப் பார்த்துப் பணத்தைக் கொடுக்கிறாள்.